ஆகாயத்தில் ஆள் இருக்கும் நேரம்

"இன்னிக்கு ஆகாசத்துல யாராச்சும் இருக்காங்களா?"

காலை எட்டே முக்காலுக்கு நான் ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்கு முன்பே அக்கா இப்படிக் கேட்டுவிடுவாள். கையில் விளக்குமாறு இருக்கும். அதன் நுனி தரையைத் தொட்டிருக்காது. "இல்லக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் குனிவாள். "இருக்காங்கக்கா" என்றால் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "எங்கேருந்து எங்க?" என்பாள்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன காம்ப்ளெக்ஸ். கீழே செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, நான் வேலை பார்த்த டிக்கெட் புக்கிங் கடை. மாடியில் ஒரு பல் டாக்டர். இந்த நான்கையும் கூட்டித் துடைப்பது அக்காவின் வேலை. நாற்பதைத் தொட்ட வயது. ஒல்லியான உடம்பு. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாள். அவளைவிட மூத்த வாட்ச்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான்கு வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். தெரிந்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் என்னால் தூங்க முடியாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்கிற வரைக்கும் வீட்டைக் கூட்டக்கூடாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் உள்ள வழக்கம் இது. ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறியவருக்காக ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். சென்னைக்குப் போனவருக்கு அரை நாள். குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. அக்கா யோசித்தாள். அதுவும் தன் வீட்டு மனிதர்களுக்காக மட்டும் இல்லை. அவள் கூட்டுகிற எந்தக் கடையைச் சேர்ந்தவர் பறந்தாலும், அவருடைய சொந்தக்காரர் பறந்தாலும், அந்தக் கடையில் விளக்குமாறு படாது.

பஸ்ஸில் போகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போறவங்களுக்குக் கீழ ரோடு இருக்கு. ரயில்ல போறவங்களுக்குத் தண்டவாளம் இருக்கு. மேல போறவங்களுக்கு என்ன இருக்கு? கெளம்பி வந்த வூடுதான் இருக்கு. அதையும் நாம கூட்டித் தள்ளிட்டா?"

 

ஆரம்பத்தில் இதைச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். அந்த எண்ணத்தைக் கடைசியாகத் துடைத்துப் போட்டது பல் டாக்டர் வீட்டு விஷயம். அது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்தது. டாக்டரின் மகள் படிப்பதற்கு டொரண்டோ கிளம்பினாள். அக்கா என் மேஜைக்கு வந்து நின்றாள். இரண்டு ஊர்ப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடுவில் ஓரிடத்தில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் மாறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள்.

"நடுவுல எறங்குறாளே, அப்ப கூட்டலாமாக்கா?" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"செந்துறைக்குப் போறவ அரியலூர்ல எறங்கி டீ குடிச்சா, ஊரு போய்ச் சேந்துட்டான்னு அர்த்தமா?"

அன்று சாயங்காலம் மாடியில் டாக்டரின் சத்தம் கேட்டது. "என்னம்மா இது, பேஷண்ட் வந்து போற எடம். பஞ்சும் பல் அச்செடுக்கற மாவுமாக் கெடக்கு!"

"ஒங்க மவதான் சார் மேல இருக்கு. எனக்கென்ன வந்துச்சு, கூட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கூட்டிடுறேன்."

டாக்டர் படித்தவர். மூடநம்பிக்கை பற்றி எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கக்கூடியவர். ஆனால் கூட்டு என்கிற அந்த ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை.

அக்கா குந்தி உட்கார்ந்து, தரையில் கிடந்த பஞ்சுத் துணுக்குகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். விளக்குமாறு படக்கூடாது, அவ்வளவுதானே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற டாக்டர் தானும் குனிந்து நாற்காலிக்கு அடியில் கிடந்ததை எடுத்தார். அடுத்த நாளும் இருவரும் பொறுக்கினார்கள். மகள் போய் இறங்கியதாகப் போன் வந்ததும் டாக்டர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, கூட்டலாம்!" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவும் நானும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அரியலூர்ச் சாலையில் இருக்கும் ஒரு ஊரில் அவள் ஏறுவாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலை அது. இரண்டு பக்கமும் மரங்களின் இலைகள் வெளுத்துப்போய் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் பனியும் தூசியும் சேர்ந்து எதிரே வருகிற வண்டிகூடத் தெரியாது. பருத்திக்காடும் மக்காச்சோளக் காடும் அந்த வெள்ளைக்குள் மறைந்து கிடக்கும். அப்படி ஒரு நாளில் என் வியாதி வேலை செய்தது. நம் அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, சுரங்கத்தில் இன்றைக்கும் சிப்பியும் சங்கும் கல்லாகக் கிடைக்கின்றன என்று விளக்கினேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்ப நாம இப்ப கடல்லயா போயிட்டிருக்கோம்?"

"அது கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடிக்கா."

"இருக்கட்டும். கீழ கடல் கெடந்த எடந்தானே. இப்படித்தான் இருக்கும் போல மேலயும். வெள்ளையா, ஒண்ணுமே தெரியாம, ஆடிக்கிட்டே." கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பெரம்பலூர் வருகிற வரைக்கும் திறக்கவில்லை. மனசுக்குள் எந்த ஊரில் போய் இறங்கினாளோ, நான் கேட்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதியதுகூட அவள் காதில் விழவில்லை.

அவள் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு மேலே பகலில் சில விமானங்கள் வெள்ளைக்கோடு போட்டபடி போகும். சாப்பாட்டு நேரத்தில் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு மேலேயே பார்த்திருப்பாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். செல்போன் கடைக்காரரின் மச்சான் அன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"கெளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சு," என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமலே. "பாதி கடல் முடிஞ்சிருக்கும். இப்ப எந்தப் பக்கம் பாத்தாலும் தண்ணிதான். பக்கத்துல உக்காந்தவன் தூங்கிருப்பான். இவருக்குத் தூக்கம் வராது. வூட்டு நெனப்பு வரும். கதவப் பூட்டுனாங்களா, மாட்டுக்குத் தண்ணி வச்சாங்களான்னு."

"அவருக்கு மாடு ஏதுக்கா? டவுன்ல இருக்காரு."

"சரி, வண்டிக்குப் பெட்ரோல் போட்டோமான்னு நெனப்பாரு. ஏதோ ஒண்ணு."

அந்த மத்தியானங்களில் அவள் பேசப் பேச, கீழே பஸ் ஸ்டாண்டு இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். சூடான சிமெண்டுத் தரை, தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர், அவளுடைய குரல். எனக்கும் யாரோ ஒருவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பது மாதிரித்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்ததே தெரியாது. சொல்லப்போனால், நான் அந்த வேலையில் நான்கு வருஷம் இருந்ததற்குக் காரணமே அந்த மொட்டை மாடிதான்.

இப்போது அந்த டிக்கெட்டுக்கு வர வேண்டும்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அக்கா ஒரு பாலிதீன் பையை நீட்டினாள். உள்ளே நான்காக மடித்த ஒரு காகிதம். மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"இத லேமினேசன் போட்டுக் குடு பாப்பா. கிழிஞ்சிருச்சுன்னா எனக்கு வேற கதி இல்ல."

விரித்துப் பார்த்தேன். ஒரு விமான டிக்கெட்டின் ஜெராக்ஸ். சென்னை, குவைத். புறப்பாடு காலை பத்து மணி. இறங்குவது பன்னிரண்டரை. எங்கள் கடை லேமினேஷன் மெஷின் சூடாகிறவரை அக்கா நின்றபடியே சொன்னாள்.

அவள் புருஷன் லாரி டிரைவர். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பினார். முதல் நாளே வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். டிக்கெட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அக்காவும் மாமியாரும்தான். லாரி ஓடுகிற ஊர், ஒரு பொழுது கூட்டாவிட்டால் தரையில் மாவு தூவினது போலத் தூசி படிந்துவிடும்.

"கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல அவரு காலடி அப்படியே கெடந்துச்சு பாப்பா. எனக்குக் கூட்டவே மனசு இல்ல. ஆனா மறுநா வெள்ளிக்கெழம. வூட்டக் குப்பையா வச்சிக்கிட்டு எப்படி வெளக்கேத்துறது? டிக்கெட்டக் கையில வச்சிக்கிட்டுக் கடியாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பன்னெண்டரை ஆச்சு. அப்பறமும் பத்து நிமிசம் சேத்துப் பாத்தேன். அப்பறந்தான் கூட்டுனேன்."

போய்ச் சேர்ந்த செய்தி மறுநாள்தான் பக்கத்துக் கடைக்குப் போனில் வந்தது. ஏழாம் மாதம் இன்னொரு போன் வந்தது. தூங்கப் போன மனிதர் காலையில் எழுந்திருக்கவில்லை.

மாமியார் அழுதுகொண்டே முதலில் கேட்ட கேள்வி, "போன் வரட்டும், அப்பறம் கூட்டலாம்னு சொன்னேனே, கேட்டியாடி?" அன்றிலிருந்து அந்தக் கேள்வி நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது வரும். குழம்பில் உப்பு கூடினால் வரும், மழை பெய்து கூரை ஒழுகினால் வரும். அக்கா பெட்டியைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டுவாள். "இந்தா பாருங்க அத்த, பன்னெண்டரைன்னு போட்டுருக்கு. எறங்குனப்பறந்தான் நான் கூட்டுனேன்." மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த வாரம் மறுபடி கேட்பார்.

பதினைந்து வருஷமாக இப்படி. பிறந்த வீட்டுக்கும் போகவில்லை, வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்தக் கிழவியோடு அதே வீட்டில். தான் எந்தப் பாவமும் செய்யவில்லை என்று சொல்ல அவளிடம் இருந்தது அந்த ஒரு காகிதம். லேமினேஷன் போட்டதும் சூடு ஆறுவதற்கு முன்பே வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அதுவரை அக்கா என்னிடம், "எத்தன மணிக்கு எறங்குது?" என்றுதான் கேட்பாள். நானும் கவுண்டர் கூட்டத்தில் டிக்கெட்டில் இருப்பதை அப்படியே படித்துச் சொல்லிவிடுவேன். அது எந்த ஊர் நேரம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அன்று கூட்டம் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரரின் தம்பி சென்னையிலிருந்து தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னது. பதினொன்றே முக்காலுக்கு அக்கா விளக்குமாற்றோடு வந்தாள்.

"எறங்கிருப்பாரு. ஜெராக்ஸ் கடையக் கூட்டிடவா?"

"அய்யோ அக்கா," என்று நான் சிரித்தேன். "இன்னும் பாதி தூரங்கூடத் தாண்டிருக்க மாட்டாரு. அது அந்த ஊரு நேரம்க்கா. அவங்க கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. நம்ம கணக்குக்கு ரெண்டு மணிக்குத்தான் எறங்கும்."

அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி நிற்கவைத்து உலகப் படத்தைக் காட்டினேன். சூரியன் இங்கே முதலில் உதிக்கிறது, அங்கே பிறகு உதிக்கிறது. கிழக்கே போகிறவர்களுக்கு டிக்கெட்டில் நேரம் நீளமாகத் தெரியும், மேற்கே போகிறவர்களுக்குக் குறைவாகத் தெரியும். அவ்வளவு அழகாக நான் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை.

"எல்லா டிக்கெட்டுமா பாப்பா?"

"எல்லா டிக்கெட்டுந்தான்க்கா. ஒலகம் பூரா..."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் என் கையாலேயே பளபளவென்று லேமினேஷன் போட்டுக் கொடுத்த காகிதம் நினைவுக்கு வந்தது. 

"அப்ப பன்னெண்டரைன்னா?"

நான் உலகப் படத்தை மூடினேன்.

"சொல்லு."

"நம்ம நேரத்துக்கு மூணு மணி அக்கா."

"ம்," என்றாள். விளக்குமாற்றைச் சாய்க்க இடம் தேடுகிறவள் மாதிரிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மணி ஆகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். ஆனதும் எழுந்து போய் ஜெராக்ஸ் கடையைக் கூட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். அதற்குப் பிறகு எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. "எவ்ளோ தூரம்? எத்தன மணி நேரம்?" இந்த இரண்டு மட்டும்தான். கடிகாரத்தை அவள் நம்பவில்லை. தூரத்தை நம்பினாள். சொன்னதெல்லாம் அவள் மனதில் அப்படியே பதிந்துவிடும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல். சென்னைக்கும் குவைத்துக்கும் மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம், அஞ்சு மணி நேரம். இந்தக் கடைசியை மட்டும் அவள் என்னிடம் கேட்கவே இல்லை. யாரோ ஒரு வாடிக்கையாளருக்காக நான் சத்தமாகப் படித்தபோது வாளியோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அக்கா, நீங்க கூட்டுனதுக்கும் அவரு போனதுக்கும் என்னக்கா சம்பந்தம்? ஏழு மாசம் கழிச்சு நடந்துச்சு."

"சம்பந்தம் இல்லேன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? எனக்கும் புத்தி இருக்கு." எரிச்சலோடுதான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா கெழவி கேக்கறப்ப, 'இல்ல அத்த'ன்னு சொல்ல எனக்கு அது ஒண்ணு இருந்துச்சு. இப்ப என்னத்தச் சொல்றது?"

"இப்பயும் டிக்கெட்டக் காட்டுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அன்று முதல் டிக்கெட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாமியார் கேட்டால் அக்கா பதில் பேசாமல் வேலையைப் பார்ப்பாள். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. அக்கா இன்னும் மெலிந்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். ஒருநாள் அக்கா மொட்டை மாடியில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நேத்து கெழவி தானாக் கேக்குது. 'ஏன்டி, முன்னெல்லாம் சீட்டக் கொண்டாந்து மூஞ்சில நீட்டுவ, இப்ப ஏன் எடுக்கவே மாட்டேங்குற'ன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்ததைச் சொல்லாமல், தெரியாததைச் சொல்வது என்று முடிவு செய்தேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. காலையில் பஸ்ஸில் அக்கா ஏறவில்லை. மாமியாருக்கு எல்லாம் செய்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று தெரியும். கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள். அவளைக் கேள்வி கேட்க விடாமல் நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, ஒரு விசயம். ஒங்க வூட்டுக்காரரு போன ஃப்ளைட்டப் பத்திக் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தேன். அந்தக் காலத்துல அது வேற மாதிரி பிளேனாம். ரொம்ப வேகமாம். நம்ம நேரத்துக்கே பன்னெண்டரைக்கு எறங்கிருச்சாம். நீங்க கூட்டுனது எறங்குனப்பறந்தான்."

அக்கா என்னையே பார்த்தாள்.

"மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்."

"ஆமாக்கா."

"ரெண்டர மணி நேரத்துல."

"ஆமா."

சிரித்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அடி போடி இவளே. ரெண்டர மணி நேரத்துல போற பிளேன் இருந்திருந்தா, அந்த மனுசன் வாராவாரம் வூட்டுக்கு வந்துட்டுப் போயிருப்பாரே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அக்கா என் முதுகில் கையை வைத்தாள். கையில் பினாயில் வாசனை.

"விடு பாப்பா. நீ ஒண்ணும் கெடுக்கல. நேத்து சாயங்காலமே கெழவிகிட்டச் சொல்லிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒடம்பு தொடச்சி விட்டுட்டு இருந்தேன். சொல்லிட்டேன். 'நீங்க சொன்னதுதான் அத்த சரி. அவரு கடல் மேல இருக்கறப்பதான் நான் கூட்டிருக்கேன். ரெண்டர மணி நேரந்தான்னு நெனச்சிட்டேன். அஞ்சு மணி நேரமாம். எனக்குத் தெரியல அத்த'ன்னு."

"என்ன சொன்னாங்க?"

அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள்.

"ரொம்ப நேரம் மோட்டுவளையவே பாத்துட்டுக் கெடந்துச்சு. திட்டப்போவுது, திட்டட்டும்னு நானும் பேசாம இருந்தேன். அப்பறம் எங் கையப் புடிச்சிக்கிட்டு, 'அஞ்சு மணி நேரமாடி போனான் எம் புள்ள? நடுவுல அவனுக்குச் சோறு குடுத்தாங்களாடி?'ன்னு கேட்டுச்சு."

வெளியே அரியலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"எனக்கு என்ன தெரியும்? தெரியல அத்தன்னு சொன்னேன். குடுத்திருப்பாங்கல்ல பாப்பா?"

நானும் அதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனால் இதற்குப் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"குடுத்திருப்பாங்கக்கா. அஞ்சு மணி நேரம்னா கண்டிப்பாக் குடுப்பாங்க. தட்டுல சோறு, கறி, ரொட்டி, தயிரு, எல்லாம் வச்சி. ஒரு இனிப்புகூட இருக்கும்."

"இனிப்புமா?"

"இனிப்பும்."

அக்கா ஒவ்வொன்றாக உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சோறு, கறி, ரொட்டி, தயிர், இனிப்பு. எதையும் விட்டுவிடாமல் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமே.

"சரி, காலத் தூக்கு," என்றாள். "கூட்டணும்."

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். அக்கா குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.